வீட்டிலேயே ஓட்மீல் ஸ்டவுட்: முதல்முறை பீர் காய்ச்சுபவர்களுக்கு

பீர் காய்ச்சிப் பழக நினைப்பவர்கள் பலர் முதலில் கைவைப்பது வெளிர்நிற லாகரில்தான், கடையில் அதைத்தானே அதிகம் பார்க்கிறோம். ஆனால் லாகர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் நிதானமாக நொதிக்க வேண்டும், அதற்குத் தனி ஃபிரிட்ஜ் வேண்டும், சின்னக் குறை இருந்தாலும் நாக்கில் தெரிந்துவிடும். முதல்முறைக்கு ஓட்மீல் ஸ்டவுட், அதாவது ஓட்ஸ் சேர்த்த கறுப்பு பீர்தான் சரி என்பேன். அறை வெப்பத்திலேயே நொதிக்கும், வறுத்த பார்லியின் மணம் சின்னக் குறைகளை மூடிவிடும், ஓட்ஸ் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். இந்த பீரின் உயிர் அந்த ஓட்ஸில் இருக்கிறது, அதைச் சரியாக ஊறவைக்கும் ஒரு மணி நேரத்தை மட்டும் கவனமாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுத்தமும் பொறுமையும்தான்.

முதலில் சட்டம். நான் இதை இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே 1963 முதல் வீட்டில் குடிப்பதற்காக பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் 1978-இல் மத்திய அரசின் சட்டம் இதற்கு வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் மது தயாரிப்பது குற்றம், ஆகவே அங்கே இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஓட்ஸ் கலந்த ஸ்டவுட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனில் பரவியது. ஓட்ஸ் உடம்புக்குச் சத்து என்ற நம்பிக்கையில், நோயாளிகளுக்குக்கூட நல்லது என்று விளம்பரம் செய்து விற்றார்கள். பிறகு மெல்ல மெல்ல வழக்கொழிந்து போனது. யார்க்‌ஷயரில் டாட்காஸ்டர் என்ற சிற்றூரில் 1758 முதல் இயங்கும் சாமுவேல் ஸ்மித் மதுவடிப்பகம்தான் 1980-இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்காக அதை மறுபடி காய்ச்ச ஆரம்பித்தது. முடிந்தால் அதில் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துப் பாருங்கள், எதை நோக்கிப் போகிறோம் என்பது நாக்குக்குத் தெரிந்திருப்பது நல்லது.

தேவையான பொருட்கள் (10 லிட்டருக்கு)

மாரிஸ் ஆட்டர் பேல் மால்ட் 1.8 கிலோ
ஓட்ஸ் அவல் 300 கிராம்
கிரிஸ்டல் மால்ட் 150 கிராம்
வறுத்த பார்லி 130 கிராம்
சாக்லேட் மால்ட் (கருக வறுத்த மால்ட்) 120 கிராம்
ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ வகை, பெயரில் உள்ள ஈஸ்ட் கிழக்கைக் குறிக்கும்) 25 கிராம்
சாஃபேல் எஸ்-04 ஈஸ்ட் ஒரு பாக்கெட்
பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை 50 கிராம்

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. ஹோம்ப்ரூ கடையில் வாங்கும்போதே உடைத்துத் தரச் சொல்லுங்கள், முழுசாக வாங்கி வந்து மிக்ஸியில் போட்டால் உமியெல்லாம் மாவாகிவிடும், அப்புறம் தானியத்தை ஊறவைக்கும் பை வடியவே வடியாது. ஓட்ஸை உடைக்க வேண்டாம். காலைக் கஞ்சிக்கு விற்கும் தட்டையான சாதா ஓட்ஸ் போதும், அதை ஆவியில் வேகவைத்து உருட்டித்தான் விற்கிறார்கள், அதனால் நேராக மால்ட்டுடன் சேர்த்துவிடலாம். நறுக்கிய முழு ஓட்ஸ் என்றால் முதலில் தனியாக வேகவைக்க வேண்டும். சர்க்கரை, உப்பு, வாசனை சேர்த்த இன்ஸ்டன்ட் பாக்கெட் எதையும் எடுக்காதீர்கள்.

பாத்திரங்களில் 20 லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் பானை ஒன்று, அதற்குள் விரித்துப் போடும் அளவுக்குப் பெரிய நைலான் வலைப்பை, தெர்மாமீட்டர், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றுப்பூட்டு மாட்டிய 15 லிட்டர் மூடி வாளி, சைஃபன் குழாய், பாட்டில்கள், மூடி அழுத்தும் கருவி. கூடவே கழுவத் தேவையில்லாத கிருமிநாசினி, ஸ்டார் சான் மாதிரி. எல்லோரும் 23 லிட்டர் கணக்குதான் சொல்வார்கள், ஆனால் வீட்டு அடுப்பு அவ்வளவு தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைக்கத் திணறும், சுடச்சுடத் தூக்குவதும் ஆபத்து. 10 லிட்டர் ஒரு ஆள் தனியாகச் சமாளிக்கக்கூடிய அளவு.

ஊறவைத்தல்

பானையில் 15.5 லிட்டர் தண்ணீர் பிடித்து, கேம்ப்டன் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை அது முறித்துவிடும். இல்லாவிட்டால் அந்தக் குளோரின் மால்ட்டோடும் ஈஸ்ட்டோடும் சேர்ந்து பீரில் ஆஸ்பத்திரி மருந்து வாடையைக் கொண்டுவரும், பிறகு அதைப் போக்க வழியே கிடையாது.

தண்ணீர் 70 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பையைப் பானைக்குள் விரித்து விளிம்பில் மடித்துப் போட்டு, தானியங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், கட்டியின் நடுவில் மாவு காய்ந்தபடியே கிடக்கும், அவ்வளவும் வீண். கிளறி முடித்தபின் வெப்பம் 67 டிகிரியில் நிற்க வேண்டும். ஒரு டிகிரி ஏறினாலும் பரவாயில்லை. 70-க்கு மேல் போனால் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு இறக்குங்கள், 65-க்குக் கீழே போனால் பையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிறு தீயில் ஏற்றுங்கள், பை பானையின் அடியில் உட்கார்ந்திருக்கும்போது தீ வைத்தால் கருகி ஓட்டையாகிவிடும்.

இந்த 67-ஐ ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், மால்ட்டில் உள்ள என்சைம்கள்தான் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. அதில் ஒன்று 60 முதல் 65 டிகிரி வரை மும்முரமாக வேலை செய்து, ஈஸ்ட் முழுக்கத் தின்று தீர்க்கும் சர்க்கரையைத் தரும், அதனால் பீர் மெலிந்து போகும். இன்னொன்று 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேலை செய்து, ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகளையும் விட்டுவைக்கும், அதுதான் பீருக்குக் கனம். ஸ்டவுட்டுக்குக் கனம் வேண்டும், ஆனால் திகட்டக் கூடாது, அதனால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். ஓட்ஸுக்கு இந்த என்சைம்கள் கிடையாது, பேல் மால்ட் தருவதைக் கடன் வாங்கித்தான் அதன் மாவு கரைய வேண்டும். அதனால்தான் மால்ட் சிரப் டப்பாவை வைத்துக் காய்ச்சும்போது வெறும் ஓட்ஸை ஊறவைத்துச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை, கரையாத மாவு பீரில் தங்கிக் கலங்கலாகத்தான் நிற்கும். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற பசைத்தன்மையுள்ள நார்ச்சத்துதான் அந்த வழவழப்புக்குக் காரணம், நொய்க்கஞ்சியின் மேல்தண்ணீரைக் குடிக்கும்போது நாக்கில் படருமே, அதே மாதிரி.

மூடியைப் போட்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பழைய கம்பளியால் பானையைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நடுவில் ஒரே ஒரு முறை திறந்து கிளறினால் போதும். திறக்கும்போது பாருங்கள், தொடக்கத்தில் கலங்கலாக மாவு மணத்தோடு இருந்த தண்ணீர் கறுத்துத் தெளிந்திருக்கும், ஒரு சொட்டு விரலில் தொட்டு நக்கினால் இனிப்பு பளிச்சென்று தெரியும், விரலும் விரலும் ஒட்டும். மாவு சர்க்கரையாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

நேரம் முடிந்ததும் பையைத் தூக்கி, பானையின் மேல் ஒரு கம்பி வலைத்தட்டை வைத்து அதில் வடியவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு நன்றாகப் பிழியலாம், ஒன்றும் ஆகாது. சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் போட்டுவிடலாம்.

கொதிக்கவைத்தல்

இனி தீயை முழுதாக வையுங்கள். கொதி வரும் நேரத்தில் பழுப்பு நுரை சட்டென்று பொங்கும், அந்தச் சில நிமிடங்கள் அடுப்பை விட்டு நகராதீர்கள், தீயைக் குறைத்துக் கிளறினால் அடங்கிவிடும். நுரை அடங்கியதும் ஹாப்ஸ் முழுவதையும் போட்டு, மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். மால்ட்டின் இனிப்பைச் சமன் செய்யும் கசப்பு அந்த ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். வாசனைக்காகக் கடைசியில் இன்னொரு தடவை ஹாப்ஸ் போடும் வழக்கம் இந்த பீருக்கு வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸையும் அதன் சக்கையையும் எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்களுக்கு அது கடும் விஷம்.

ஆறவைத்தலும் ஈஸ்ட் சேர்த்தலும்

அடுப்பை அணைத்த நிமிடத்திலிருந்து பானையில் உள்ள மால்ட் சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநாசினியில் நனைந்திருக்க வேண்டும். ஸ்டார் சான் என்றால் லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை மில்லி. வாளி, மூடி, கரண்டி, தெர்மாமீட்டர், ஈஸ்ட் பாக்கெட், அதை வெட்டும் கத்தரிக்கோல் எல்லாமே. மேலே நிற்கும் நுரையைப் பார்த்துப் பயந்து தண்ணீரில் அலசாதீர்கள்.

பானையை மூடி, சிங்க்கில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி அதில் உட்காரவையுங்கள். தண்ணீர் சூடேறினால் மாற்றுங்கள், கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே ஐஸ் போடுங்கள். ஐஸைச் சாற்றுக்குள் போடவே கூடாது. 20 டிகிரிக்கு வந்ததும் அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு வாளிக்கு மாற்றுங்கள். இந்த ஒரு கட்டத்தில்தான் காற்று படுவது நல்லது, ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும், ஆகவே உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றுங்கள். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1.050-ஐ ஒட்டிக் காட்டும். 1.045 காட்டினாலும் கவலை வேண்டாம், மதுவின் அளவு சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஈஸ்ட்டில் பாதிப் பாக்கெட்டை மேலே பரவலாகத் தூவி மூடுங்கள், 10 லிட்டருக்கு அது தாராளம்.

நொதித்தல்

ஒரு நாளுக்குள் மேலே பழுப்பு நுரை திரளும். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும், உள்ளே அறையை விட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும், அதனால் 17, 18 டிகிரி உள்ள அறையாகப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி பெரும்பாலும் ஒத்துவரும். காற்றுப்பூட்டில் குமிழி நின்றுவிட்டதே என்று நான்காம் நாளே பாட்டிலில் அடைக்கக் கிளம்பாதீர்கள். இரண்டு வாரம் விடுங்கள். பிறகு ஹைட்ரோமீட்டர் வைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி வைத்துப் பாருங்கள், இரண்டு தடவையும் ஒரே அளவு, 1.014-ஐ ஒட்டி இருந்தால் நொதித்து முடிந்தது. தொடக்க அளவிலிருந்து முடிவு அளவைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் மதுவின் சதவீதம் கிடைக்கும், இதில் ஏறக்குறைய 4.7 வரும்.

பாட்டிலில் அடைத்தல்

இந்த இடத்தில் அவசரம் உண்மையிலேயே ஆபத்து. நொதித்து முடியாத பீரை அடைத்தாலும், சர்க்கரையைக் கண்ணளவில் அள்ளிப் போட்டாலும் பாட்டில் வெடிக்கும், கண்ணாடித் துண்டுகள் சிதறும். லிட்டருக்கு 5 கிராம், அதைத் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். கைக்கு எத்தனை லிட்டர் வந்திருக்கிறதோ அதற்கு மட்டும் கணக்கிட்டு, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் சுத்தம் செய்த இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். அதன்மேல் சைஃபன் குழாயின் நுனி அடியைத் தொட்டபடி பீரை ஓடவிடுங்கள், தானாகவே கலந்துகொள்ளும். இப்போது காற்று படவே கூடாது, பட்டால் நனைந்த அட்டை வாடை வந்துவிடும். வண்டல் பக்கம் குழாயைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீருக்கென்றே செய்த பழுப்புப் பாட்டில்களை மட்டும் எடுங்கள், ஒயின் பாட்டில் இந்த அழுத்தத்தைத் தாங்காது. மேலே மூன்று செண்டிமீட்டர் இடம் விட்டு மூடியை அழுத்துங்கள். ஒரே ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக்கில் அடைத்து வையுங்கள், அதை அமுக்கிப் பார்த்தால் வாயு ஏறியது கையிலேயே தெரியும். எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி, 20 டிகிரியில் இரண்டு வாரம் விடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் பாட்டில் கல்லாக இறுகியதும் ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்துத் திறந்து பார்க்கலாம், ஆனால் வறுத்த பார்லியின் காரல் அடங்க இன்னும் இரண்டு வாரமாவது வேண்டும்.

குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள், 10 முதல் 13 டிகிரியில்தான் ஓட்ஸின் வழவழப்பு நாக்குக்குத் தெரியும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் ஊற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் பாட்டிலின் கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை ஓட்ஸைக் கூட்டிப் பார்க்க ஆசை வந்தால் 400 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் என்றால் பை வடியாமல் உங்களைப் பாடாய்ப் படுத்தும்.