குடும்பத்தோடு நான்கு ஊர் வெளிநாட்டுப் பயணம்: பெட்டி கட்டும் நாட்களிலிருந்து தொடங்குங்கள்

கோடை விடுமுறைக்கு வெளிநாடு போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் போதும், ஆளாளுக்கு ஒரு ஊர் பெயர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு பாரிஸ். சின்னவனுக்கு ரயில் ஏறிப் போகிற மலை, எந்த நாட்டு மலையானாலும் சரி. மாமியாருக்கு ரோம். என் வீட்டுக்காரருக்கு உலக வரைபடத்தில் இருக்கும் எல்லாமே. அந்தப் பட்டியலை நான் தடுப்பதில்லை, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். திட்டம் போட உட்காரும்போது நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: மொத்தத்தில் எத்தனை முறை பெட்டி கட்டப் போகிறோம்?

பிள்ளைகளும் பெரியவர்களும் கூட வரும்போது ஊர் மாறுகிற நாள் அப்படியே போய்விடும். ரயில் டிக்கெட்டில் மூன்று மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் காலையில் எல்லோரையும் கிளப்பி, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்து, அறையைக் காலி செய்து, ஸ்டேஷன் போய், ரயிலேறி இறங்கி, மதியம் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்று சொல்லும் அடுத்த ஹோட்டலின் வரவேற்பறையில் உட்கார்ந்து எழுந்தால் சாயங்காலம் ஆகிவிடும். அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நடை நடந்தாலே பெரிய விஷயம்.

அதனால் நான் இரவுகளை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். ஒரு ஊரில் இரண்டு இரவு தங்கினால் கையில் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். மூன்று இரவு என்றால் இரண்டு நாள். மூன்றுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. 14 இரவு இருந்தால் நான்கு ஊர், அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஊரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், பெட்டி கட்டாமல் காலையில் போய் இரவில் திரும்பக்கூடிய ஊராகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் தங்கியிருந்தால் பைசா கோபுரம் ரயிலில் ஒரு மணி நேரம்தான்.

அப்புறம் வழி. ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அவை ஒரு கோடாக வரவேண்டும், வட்டமாகச் சுற்றி முதல் ஊருக்கே திரும்பக் கூடாது. எங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம்: பாரிஸ் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் இன்டர்லாகன் 3, ஃப்ளாரன்ஸ் 3, ரோம் 4. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து வீட்டுக்கு விமானம் ஏற வேண்டும். இதற்கு ஓப்பன் ஜா டிக்கெட் என்று பெயர். விமான நிறுவனத் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் தேடினால் வரும். பாரிஸுக்கே போய்த் திரும்பும் டிக்கெட் கொஞ்சம் மலிவாகத் தெரியலாம். ரோமிலிருந்து பாரிஸுக்குத் திரும்பி வரும் செலவையும், அதற்காகப் போகிற ஒரு நாளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிக்கெட்டில் இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் எல்லாம் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெரும்பாலும் பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்காகக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் கேட்பார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், நடுவில் ஒரு விமானத்தில் ஏறாமல் விட்டால் மீதி அத்தனையும் ரத்தாகிவிடும். பாதி வழியில் இறங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தால் அப்போதே மறந்துவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வயது வரைதான் மடியில் வைத்துக்கொள்ளலாம். பயணத்தின் நடுவே இரண்டு வயது முடிந்தால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும்.

விமானம் மாறும் இடம் எங்கே என்பதும் முக்கியம். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அந்த நாடுகளுக்குள் முதலில் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறீர்களோ அங்கேதான் பாஸ்போர்ட் சோதனை. ஃப்ராங்ஃபர்ட்டில் மாறி பாரிஸ் போனால் சோதனை ஃப்ராங்ஃபர்ட்டிலேயே முடிந்துவிடும். 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாக அங்கே வெளிநாட்டவரின் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்கிறார்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கைரேகை கிடையாது. கோடையில் அந்த வரிசை எவ்வளவு நீளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்றேகால் மணி நேர இடைவெளியோடு ஒரு டிக்கெட் வந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன். மூன்று மணி நேரம் இருந்தால் நிம்மதி.

இப்போது விசா. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை என்றால், வழித்திட்டம் முடிவாகும் முன் விண்ணப்பிக்கவே முடியாது. எந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போவது என்பதே இரவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. மேலே சொன்ன திட்டத்தில் இறங்குவது பாரிஸ்தான், ஆனாலும் ஃப்ளாரன்ஸும் ரோமும் சேர்ந்து இத்தாலிக்கு 7 இரவு வருகிறது. ஆகவே இத்தாலி. பாரிஸில் ஓரிரவைக் கூட்டலாம், ஃப்ளாரன்ஸில் ஒன்றைக் குறைக்கலாம் என்று பிறகு மாற்றினால் இந்தக் கணக்கையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து இதற்கு நேர் எதிர். பிரிட்டன் இரண்டிலும் இல்லை. ‘பாரிஸ் வரை போய்விட்டு லண்டன் பார்க்காமல் வருவதா’ என்று கேட்க எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு விளக்க வேண்டியது இதுதான்: லண்டனுக்குத் தனி அனுமதி வேண்டும், அதுமட்டுமில்லாமல் பாரிஸிலிருந்து லண்டன் போய் மறுபடி இத்தாலிக்கு வந்தால் ஷெங்கனுக்குள் இரண்டாவது தடவை நுழைகிறோம். ஒருமுறை மட்டும் நுழையத் தரும் விசா அதற்குச் செல்லாது. லண்டன் கட்டாயம் வேண்டுமென்றால் கோட்டின் ஒரு முனையில் வையுங்கள், நடுவில் வேண்டாம்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கோடைக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, எனவே அந்த 15 நாளை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 6 மாதம் கேட்கும் நாடுகள் உலகில் நிறைய. பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள், பல நாடுகளில் சிறுவர்களுக்குக் குறைந்த காலத்துக்குத்தான் தருகிறார்கள். அம்மா அல்லது அப்பா ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால், வராதவரிடமிருந்து சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும்.

விசா வரும் வரை ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டுமே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது பிள்ளைகளின் வயதை உண்மையாகப் போடுங்கள். ஐரோப்பிய நகரங்களில் பழைய ஹோட்டல் அறைகள் சின்னவை, இருவர் அறையில் நான்கு பேரை விடமாட்டார்கள். எங்களுக்கு மாமியாரின் முழங்கால்தான் அளவுகோல், ஹோட்டல் தேடும் தளத்தின் வடிகட்டியில் நான் முதலில் போடுவது லிஃப்ட். அங்கே ‘முதல் மாடி’ என்பது தரைத்தளத்துக்கு மேலே இருப்பது, எனவே லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடி என்றால் மூன்று மாடி ஏற வேண்டும், அதுவும் பெட்டியோடு. அடுத்தது ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம். அப்புறம், பயணத்தின் நடுவில் வரும் ஊரில் துணி துவைக்கும் இயந்திரம் உள்ள அபார்ட்மென்ட்டாக எடுத்துவிட்டால், எல்லோரும் ஒரு வாரத்துக்கான துணி மட்டும் கொண்டுபோனால் போதும். ஆளுக்கு ஒரு பெட்டி, அதை அவரவரே இழுக்க வேண்டும். இதில் சின்னவனுக்கும் சலுகை கிடையாது.

ரயில் விஷயத்துக்கு வருவோம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் அதிவேக ரயில்களுக்கு முன்கூட்டியே வாங்கினால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். சுவிட்சர்லாந்தின் உள்ளூர் ரயில்களில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, வந்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸோடு குடும்ப அட்டையையும் இலவசமாகத் தருவார்கள், அது இருந்தால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோரோடு வரும்போது கட்டணமே கிடையாது. பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்குப் பொதுவான யூரெயில் பாஸில் ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை, 11 வயதுக்குள் இருந்தால் இலவசம். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவி, இத்தாலிய அதிவேக ரயில் போன்றவற்றுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அந்த இருக்கைகளும் கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் போடும் மூன்று பெரிய மாற்றங்களுக்குப் பாஸ் லாபமில்லை, தனித்தனி டிக்கெட்டே போதும். தினமும் ரயிலேறும் குடும்பத்துக்குக் கணக்கு வேறாக வரும்.

ஊர்களுக்குள் என்ன செய்வது என்பதற்கு நான் அதிகம் திட்டமிடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பெரிய விஷயம், அதுவும் காலையில். மதியம் காலியாக இருக்கட்டும். ஜூலையில் ரோமில் வெயில் கொளுத்தும், மதியத்தில் கொலோசியத்தின் கற்களுக்கு நடுவே பிள்ளைகளை நிறுத்துவது பாவம். பாரிஸில் ஜூன், ஜூலையில் இரவு கிட்டத்தட்ட பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் மதியம் தூங்கி எழுந்து சாயங்காலம் கிளம்பினாலும் நிறையப் பார்க்கலாம்.

விடுமுறை நாட்களை மட்டும் தேதியோடு வைத்துச் சரிபாருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அங்கேயே உள்ள ஓர்சே அருங்காட்சியகமும் ஃப்ளாரன்ஸின் உஃபிஸியும் திங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. ரோமில் நான்கு இரவு இருந்தும் வார இறுதியில் சிக்கி வத்திக்கான் கிடைக்காமல் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதும் விடுமுறை, சின்னக் கடைகள் பலவும் அந்த வாரமே மூடிக் கிடக்கும். கொலோசியம் டிக்கெட் ஆள் பெயரில்தான் வரும், எனவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லோர் பெயரையும் போட்டு முன்பே வாங்கிவிடுங்கள்.

மலைக்கு மட்டும் இந்த முன்பதிவுப் புத்தி உதவாது. இன்டர்லாகன் பக்கத்திலிருந்து மலை ரயிலில் ஏறிப் போகும் யுங்ஃபிராவ்யோக் ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் மூடிவிட்டால் அத்தனை பணம் கொடுத்துப் போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். இன்டர்லாகன் போய்ச் சேர்ந்த பிறகு மலை உச்சிக் கேமராக்களின் நேரடிப் படத்தையும் வானிலையையும் பார்த்து, இரண்டு முழு நாளில் எது தெளிவோ அதற்கு எடுங்கள். இதற்காகவே அங்கே மூன்று இரவு. இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் அந்த உயரத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. மாமியார் மேலே வர மாட்டேன் என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம், கீழே ஏரியில் படகுப் பயணம் இருக்கிறது, அவரோடு யாராவது ஒருவர் இருந்துகொள்ளலாம்.

பணத்துக்கு இரண்டு பேரிடம் இரண்டு வெவ்வேறு வங்கி அட்டைகள் இருக்கட்டும். கடையில் அட்டை தேய்க்கும்போது ‘உங்கள் ஊர்ப் பணத்திலா, யூரோவிலா’ என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், சுவிட்சர்லாந்தில் ஃப்ராங்க். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டின் படங்கள் இணையம் இல்லாமலே திறக்கும்படி இரண்டு போனில் இருக்கட்டும். அவசர எண் இந்த மூன்று நாடுகளிலும் 112. அதைச் சின்னவனுக்கும் சொல்லிக்கொடுத்து, ஹோட்டல் பெயரும் நம் போன் எண்ணும் எழுதிய சீட்டை அவன் பையில் போட்டுவிடுங்கள், ஊர் மாறும்போது சீட்டையும் மாற்ற வேண்டும்.

கடைசியாக, திரும்பும் விமானம் எந்த ஊரிலிருந்தோ அந்த ஊரில்தான் கடைசி இரவு. காலையில் ஃப்ளாரன்ஸில் ரயிலேறி மாலையில் ரோமில் விமானம் பிடிக்கலாம் என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக் காட்டுவார். கணக்கு சரியாகவே இருக்கும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும் என்பதுதான் அதில் இல்லாதது. பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், பயண வாரத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். ரோமின் டெர்மினி ஸ்டேஷனிலிருந்து ஃபியுமிசினோ விமான நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலில் 32 நிமிடம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள், பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.