பாதத்தில் ஆபரேஷன் முடிந்து பாண்டிச்சேரி போய்வருவது எப்படி?

பெருவிரல் பக்கத்து எலும்பைச் சரிசெய்து ஸ்க்ரூ வைத்து, "குதிகாலை மட்டும் ஊன்றலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்த சமயத்தில், சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாகப் பாண்டிச்சேரி போய்வந்தேன். எப்படிப் போனாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இந்தப் பதிவு. வாக்கர் பிடித்து நடக்கவும், படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டுப்போட்ட கால் முதலில் என்பதும் உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: டாக்டர்

"டூர் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். உடைத்துக் கேளுங்கள். காலை எவ்வளவு ஊன்றலாம்? தொங்கவிட்டபடி எவ்வளவு நேரம் உட்காரலாம்? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஊசியோ தேவையா? காயம் நனையலாமா? தையல் பிரிக்கும் முன்பு கிளம்பவே வேண்டாம் என்பது என் கட்சி.

படி 2: ரூமைப் பார்க்காதீர்கள், பாத்ரூமைப் பாருங்கள்

பயணத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது. போன் செய்து கேட்டால் "லிஃப்ட் இருக்கு சார், வெஸ்டர்ன் டாய்லெட் சார்" என்பார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கும். லிஃப்ட்டுக்குப் போக வாசலில் நாலு படி ஏற வேண்டும் என்பது அவர்கள் கண்ணில் படாது, தினமும் ஏறி இறங்குகிறவர்கள். பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க நாலு விரல் உயரத்துக்கு ஒரு கல் திண்டு கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டினால் உள்ளே தரை இன்னும் ஒரு படி தாழ்வு, அதுவும் ஈரம். கதவு உள்பக்கமாகத் திறந்தால் வாக்கரைத் திருப்ப இடமிருக்காது. நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், ஒற்றைக் காலில் இதையெல்லாம் தாண்ட வேண்டும்.

அதனால் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். முதலில் கட்டில் மேல் துண்டை அன்னமாக மடித்து வைத்த படம்தான் வரும். சிரித்துவிட்டு மறுபடி கேளுங்கள்: பாத்ரூம் கதவைத் திறந்துவைத்து, வாசலும் தரையும் தெரிகிற மாதிரி ஒன்று; கம்மோடுக்குப் பக்கத்துச் சுவர் ஒன்று; தெருவிலிருந்து ரிசப்ஷன் வரை ஒன்று. உங்கள் வாக்கரின் அகலத்தை டேப் வைத்து அளந்து, கதவின் அகலத்தையும் கேட்டுவிடுங்கள். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் ஸ்டூல் ஒன்றும் கூடுதல் தலையணை இரண்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கிடைக்கும்.

குளிப்பது நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றித்தான். ஷவர் வேண்டாம், எந்தப் பக்கம் தெறிக்கும் என்றே சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டினால் தொடை வழியாக வழிகிற தண்ணீர் எப்படியோ உள்ளே போய்விடும். சர்ஜிக்கல் கடையில் ரப்பர் வளையம் வைத்த உறை விற்கிறது, அதையே வாங்குங்கள்.

படி 3: சாமான்

வாக்கர்தான் என் தேர்வு. க்ரட்ச்சஸ் பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஆனால் ஈரத் தரையில் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. முட்டியை ஊன்றி உருட்டுகிற ஸ்கூட்டரை நம் ஊர் நடைபாதையில் நினைத்தே பார்க்காதீர்கள். எதுவானாலும் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, மாற்று ஜோடி ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாரக் கணக்கில் வாடகைக்கு வீல்சேர் கிடைத்தால் டிக்கியில் ஏற்றிவிடலாம். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

படி 4: கார்

சுமார் 150 கிலோமீட்டர். வேறு யாராவது ஓட்டட்டும். இடது கால்தானே என்றால் கிளட்ச் இருக்கிறது. பின் சீட்டில் குறுக்கே காலை நீட்டிப் படுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சீட் பெல்ட்டை ஒழுங்காகப் போட முடியாது, வேண்டாம். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, பாதத்துக்குக் கீழே ஒரு மெத்துப் பை வையுங்கள். டாஷ்போர்டு மேல் காலைப் போடவே கூடாது, ஏர்பேக் வெடித்தால் கால் போச்சு. மணிக்கொரு தடவை நிறுத்துங்கள். டாக்டர் தடுக்கவில்லையென்றால் விரல்களையும், கட்டு போடாத காலின் கணுக்காலையும் அசைத்துக்கொண்டே வாருங்கள்.

மாமல்லபுரத்தில் நிறுத்தினால் அர்ச்சுனன் தபசு ஒன்றே போதும், தெரு ஓரத்திலேயே நின்று பார்க்கலாம். ஐந்து ரதங்கள் இருக்கிற இடம் மணல். வாக்கர் கால் புதையும்.

படி 5: ஊருக்குள்

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். ஆகவே அதற்கு முன்பே காந்தி சிலை பக்கம் இறங்கிவிட வேண்டும். திரும்பும்போது குறுக்குத் தெரு வரை நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கடல் தண்ணீரும் மணலும் காயத்துக்கு ஆகாது, பார்ப்பதோடு சரி.

காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், நடுவில் படுக்கை. நெஞ்சு உயரத்துக்கு மேல் பாதம் இருக்கிற மாதிரி தலையணை அடுக்குங்கள். கட்டிலிலிருந்து இறக்கியதும் பாதம் கருஞ்சிவப்பாகி விண்விண் என்று தெறிக்கும், அது பெரும்பாலும் ரத்தம் இறங்குவதுதான். ஆனால் கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், அல்லது மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பின்சேர்க்கை: கோயிலுக்கு என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷனுக்குப் பின் தரும் அந்தக் கட்டைச் செருப்பைக் கழற்றி நடக்கக் கூடாது. மணக்குள விநாயகரை வாசலில் இருந்தே கும்பிட்டேன். உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் வீல்சேரில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, தரையில் கால் படாமல் போகலாம். அதற்கு முன் வாசல்படி எத்தனை என்று ஒருவரை அனுப்பி எண்ணிவரச் சொல்லுங்கள்.

இன்னொன்று: விமானத்தில் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். மாவுக்கட்டு போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லையென்றால், உள்ளே கால் வீங்கும் என்பதால் கட்டைப் பிளந்துவிடச் சொல்வார்கள்; விமான நிறுவனத்திடம் முன்பே விசாரியுங்கள். பாதுகாப்புச் சோதனையில் ஸ்க்ரூ சத்தம் போடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படமாக வைத்திருங்கள், தாளிலும் ஒரு நகல்.