சொதி திரிஞ்சு போச்சா, உப்புக் கம்மியா? கேம் பக் எழுதி அனுப்புவது எப்படி

போன சனிக்கிழமை பாளையங்கோட்டையில் சித்தி வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். சித்தி மகன் லேப்டாப்பில் ஒரு ஃபேண்டஸி ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடுகிற கேம்) ஆடிக்கொண்டிருந்தான். இன்னும் முழுசாக வெளிவராத கேம், ஏர்லி ஆக்சஸ், வெர்ஷன் 0.4 தான். திடீரென்று, "ஏ அண்ணே, இந்தச் சூனியக்காரி சாகவே மாட்டேங்கா, மருந்துக்கடைக்காரன் காசை வாங்கிட்டு மருந்து தரமாட்டேங்கான், நல்லா எழுதி விட்டுட்டேன்" என்றான். என்ன எழுதினான் என்று பார்த்தால், "கேம் ஃபுல்லா பக். சரி பண்ணுங்க." அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இருக்கிற டெவலப்பர், அதாவது கேமைச் செய்தவர், என்ன செய்வார், பாவம்.

முதல் வேலை, பிரிப்பது. நம்ம ஊர்க் கல்யாண வீட்டு மறுநாள் சொதியை (தேங்காய்ப்பால் குழம்பு) நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பால் ஊற்றின பிறகும் கொதிக்க விட்டுப் பால் திரிந்துவிட்டால் அது தப்பு, யார் சாப்பிட்டாலும் தப்புதான். அது பக், அதாவது கேமில் இருக்கிற பிழை. பால் திரியவில்லை, ஆனால் உப்போ காரமோ தூக்கலாக இருக்கிறது என்றால் அது பேலன்ஸ், அதாவது கேமில் எது எவ்வளவு கஷ்டம், எது எவ்வளவு பலம் என்கிற அளவு. "எனக்கு முருங்கைக்காயே ஆகாது" என்பது மூன்றாவது வகை, அது உங்கள் நாக்கு சம்பந்தப்பட்டது. மூன்றையும் சொல்லலாம், ஆனால் ஒரே கடிதத்தில் குழைத்து அடிக்காதீர்கள். ஒரு விஷயத்துக்கு ஒரு கடிதம்.

அப்புறம் பக்கைத் திரும்ப வரவழைத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் நேரம் போகும், போகட்டும். மருந்துக்கடை விஷயத்தை நாங்கள் உட்கார்ந்து நோண்டினோம். முதலில் பை காலியாக இருக்கும்போது வாங்கினோம், மருந்து ஒழுங்காக வந்தது. பையில் 40 இடமும் நிரம்பியிருக்கும்போது வாங்கினால் "இடமில்லை" என்று சொல்லிக் காசைத் தொடவில்லை, அதுவும் சரி. பையில் ஒரே ஒரு இடம் காலி, ஆனால் சிவப்பு மருந்து ஏற்கெனவே 20 இருக்கிறது (ஒரு இடத்தில் 20-க்கு மேல் அடுக்க முடியாது), அப்போது வாங்கினால் 120 தங்கம் போய்விடுகிறது, மருந்து வரவில்லை. ஐந்து தடவை பார்த்தோம், ஐந்து தடவையும் அதேதான். மருந்துக்கடை பற்றி அவன் புலம்பினதில் கடைசியில் மிச்சம் நின்றது இந்த ஒரு வரி, ஆனால் இதை நாங்கள் சொல்லாவிட்டால் டெவலப்பர் ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டியிருந்திருக்கும்.

எழுதும்போது இந்த மாதிரி போதும்:

"வெர்ஷன் 0.4.2, விண்டோஸ் 11, மோட் (வெளியாட்கள் செய்த மாற்றம்) எதுவும் போடவில்லை. பையில் 1 இடம் காலி, சிவப்பு மருந்து 20. இரண்டாவது ஊர் மருந்துக்கடையில் சிவப்பு மருந்து 1 வாங்கினேன். 21-ஆவது மருந்து காலி இடத்துக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை, 120 தங்கம் மட்டும் குறைந்தது. 5-க்கு 5 முறை. சேவ் ஃபைலும் ஸ்க்ரீன்ஷாட்டும் இணைத்திருக்கிறேன்."

கோபம் இருந்தால் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் வரியில் வேண்டாம். ஸ்டீம் (கேம் வாங்கி ஆடுகிற தளம்) வழியாக ஆடினால் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு எஃப்12 அழுத்தினால் போதும்.

கேம் கிராஷ் ஆகி மூடிக்கொண்டது என்றால் லாக் ஃபைல் (என்ன நடந்தது என்று கேமே எழுதி வைக்கிற குறிப்பு) வேண்டும். யூனிட்டி என்கிற கேம் செய்யும் மென்பொருளில் செய்த கேமாக இருந்தால் விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்லோ என்ற ஃபோல்டர், அதற்குள் கம்பெனி பெயர், அதற்குள் கேம் பெயர், அங்கே பிளேயர் லாக் இருக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: கேமை மறுபடி திறந்தால் பழைய லாக் "பிரெவ்" என்று பெயர் மாறி ஓரத்தில் நிற்கும், இன்னொரு தடவை திறந்தால் அதுவும் போய்விடும். அதனால் கிராஷ் ஆன உடனே காப்பி எடுத்துவிட்டுத்தான் அடுத்த ஆட்டம். லாக்கில் உங்கள் கம்ப்யூட்டர் யூசர் பெயர் வரக்கூடும், பொதுவில் போடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது நடந்ததோ எல்லாவற்றையும் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். ஒரு தடவை சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் என் ஃபைல் கெட்டுவிட்டது. கரண்ட் போனது நம்ம ஊர்ப் பிரச்சினைதானே, அதை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். கேமைச் செய்தவர்கள் பத்து நாள் தேடினார்கள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் தெரிந்தது, பழைய சேவ் மேலேயே நேராகப் புதுசை எழுதிக்கொண்டிருந்தார்கள், பாதியில் நின்றால் இரண்டுமே காலி.

சரி, பேலன்ஸுக்கு வருவோம். இதில் எண்ணிக்கை இல்லாமல் பேசக் கூடாது. 90 சதவீத வாய்ப்பு என்று காட்டிய அடி இரண்டு தடவை தொடர்ந்து தவறினால் "கேம் ஏமாத்துது" என்று கத்துகிறோம், கணக்குப்படி அது நூற்றில் ஒன்று. முப்பது தடவை வாள் வீசுகிற சண்டையில் சராசரியாக மூன்று வீச்சு தவறத்தான் செய்யும். தவறினது மட்டும் மனசில் நிற்கிறது, பட்டது நிற்பதில்லை. அதனால் ஒரு நோட்டை எடுத்து வைத்துக் கோடு போடுங்கள்.

சூனியக்காரிக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவள் குகைக்கு வெளியே இரண்டு சேவ், இரண்டிலும் லெவல் 6, ஒரே டிஃபிகல்ட்டி, ஒரே அளவு மருந்து. வாள்வீரனை வைத்துப் பத்து ஆட்டம்: வென்றது 2, ஆட்டத்துக்குச் சுமார் 11 மருந்து. மந்திரவாதியை வைத்துப் பத்து ஆட்டம்: வென்றது 9, மருந்து 2 அல்லது 3. பத்து ஆட்டம் பெரிய கணக்கில்லைதான், ஆனாலும் 2-க்கும் 9-க்கும் இடையில் ஏதோ இருக்கிறது. வாள்வீரன் பக்கத்தில் போனாலே சதுப்பு விஷம் பிடிக்கிறது, மந்திரவாதி எட்ட நின்று கொளுத்துகிறான். இதையும் எழுதினோம்.

எழுதாமல் விட்டது ஒன்று: "மந்திரவாதியைக் குறையுங்க." வேறொரு கேமில் நான் அப்படி எழுதி, என்னைப் போல இன்னும் பலரும் எழுதி, அடுத்த அப்டேட்டில் நெருப்பைக் குறைத்துவிட்டார்கள். வாள்வீரன் பாடு அப்படியேதான் இருந்தது, மந்திரவாதியும் அவனோடு சேர்ந்து செத்தான். எது வலிக்கிறது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம், எதைத் திருக வேண்டும் என்பது உள்ளே இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

அவசரமும் வேண்டாம். பால்டர்ஸ் கேட் 3 என்கிற பெரிய ஆர்பிஜி ஏர்லி ஆக்சஸுக்கு வந்தது 2020 அக்டோபரில், முழுசாக வந்தது 2023 ஆகஸ்டில். நீங்கள் இன்று அனுப்பியது நாளைக்கே சரியாகாது. அதுவரை அந்தச் சேவ் ஃபைலை அழித்துவிடாதீர்கள். சரி பண்ணிவிட்டோம் என்று அப்டேட் வந்தால் அதே சேவைத் திறந்து, அதே வேலையைச் செய்து பார்த்து, ஆச்சா ஆகலையா என்று ஒரு வரி பதில் போடுங்கள்.

நேற்று 0.4.3 வந்தது. சித்தி மகன் பையில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு, இருபது சிவப்பு மருந்தோடு, கடைக்காரன் முன்னால் போய் நிற்கிறான்.