அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ரத்தப் பரிசோதனையில் இரும்பு அளவைப் பார்க்கும்போது

வீடு கிடைத்து, பிபிஎஸ் எண் (அரசு சேவைகளுக்கான அடையாள எண்) வாங்கி, புதிதாக ஆள் சேர்த்துக்கொள்கிற ஒரு ஜிபியையும், அதாவது குடும்ப டாக்டரையும், அலைந்து பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதோ, ஆபீசில் யாராவது தன் அப்பாவின் உடம்பைப் பற்றிப் பேசும்போதோ, ஹீமோகுரோமடோசிஸ் என்ற வார்த்தை நிச்சயம் உங்கள் காதில் விழும். ஊரில் இருந்தவரை நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. "ரத்தம் கம்மியா இருக்கு, முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்றே கேட்டு வளர்ந்த நமக்கு, இரும்பு கூடிப்போவதும் ஒரு நோய் என்பது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் இது பரம்பரையாக வரும் நோய், உலகத்திலேயே அதிகம் காணப்படுவது அயர்லாந்தில்தான். இங்கே ஏறக்குறைய 83 பேரில் ஒருவருக்கு இதற்கான மரபணு மாற்றம் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. ஐந்தில் ஒருவரிடம் ஒரு பக்கத்திலிருந்து வந்த மாற்றம் மட்டும் இருக்கிறது, அவர்களுக்கு அதனால் பொதுவாக நோய் வருவதில்லை.

நம் உடம்புக்குள் இரும்பு வர வழி உண்டு, மிஞ்சினால் வெளியே தள்ள வழி கிடையாது. சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான் குடல் எடுத்துக்கொள்ளும், போதும் என்று அதை நிறுத்துவது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். எச்எஃப்இ என்ற மரபணுவில் சி282ஒய் மாற்றம் இரண்டு பக்கமும் இருந்தால் (1996இல்தான் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள்) ஹெப்சிடின் குறைவாகச் சுரக்கும், குடல் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டே இருக்கும். அப்படிச் சேர்வது இருபது முப்பது வருடங்களில் கல்லீரல், கணையம், இதயம், மூட்டு என்று போய்ப் படியும். தீராத அசதி, ஆள்காட்டி விரல் நடுவிரல் கணுக்களில் வலி, சர்க்கரை நோய், கடைசியில் கல்லீரல் சுருக்கம். பெண்களுக்கு மாதவிடாயில் ரத்தம் போய்விடுவதால் பெரும்பாலும் அது நின்ற பிறகுதான் தெரியவரும்.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சரிதான், சி282ஒய் வட ஐரோப்பியர்களின் மாற்றம், தமிழர்களிடம் மிக அரிது. நமக்குச் சிக்கல் வருவது ரிப்போர்ட்டைப் படிக்கும் இடத்தில். வந்த இரண்டாவது வருடம் எனக்கு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்) 400ஐத் தாண்டியிருந்தது. ஆண்களுக்கு 300, பெண்களுக்கு 200 என்று எல்லை போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் இணையத்தைத் துழாவி, கல்லீரல் போய்விட்டது என்றே முடிவு செய்து, ஊரில் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நான்கு நாள் தூங்காமல் கிடந்தேன். உண்மையில் ஃபெரிட்டின் ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. காய்ச்சல், உடம்பில் எங்காவது அழற்சி, மது, எடை, எல்லாவற்றையும்விட நம் ஆட்களுக்குச் சர்வசாதாரணமான கொழுப்புக் கல்லீரல், இவை எல்லாமே அதை ஏற்றிவிடும். கூடவே பார்க்க வேண்டியது டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. அது 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பரம்பரை நோயைச் சந்தேகித்து மரபணுப் பரிசோதனை வரை போவார்கள். எனக்கு 28. ஸ்கேனில் தெரிந்தது கொழுப்புக் கல்லீரல்.

அதனால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போதே வாய்விட்டுக் கேளுங்கள். ஃபுல் பிளட் கவுன்ட் (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுத்தால் இரும்பும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், வராது. "அயர்ன் ஸ்டடீஸும் வேண்டும், ஃபெரிட்டினும் சாச்சுரேஷனும் சேர்த்து" என்று சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெடிக்கல் கார்டோ ஜிபி விசிட் கார்டோ (ஜிபியை இலவசமாகப் பார்க்க அரசு தரும் அட்டைகள்) இல்லாவிட்டால் ஒரு தடவை பார்க்கவே பெரும்பாலும் 50 யூரோவுக்கு மேல் ஆகிவிடும், விட்டுப்போனதற்காக இரண்டாவது தடவை போக வேண்டாமே.

இன்னொன்று இருக்கிறது, நம் ஆட்களுக்கு இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியராக, அதாவது அதன் மாற்றத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றவராக, இருப்பவர்கள் நம்மிடையே உண்டு, பலருக்கு அது தெரியவே தெரியாது. அவர்களுக்குச் சிவப்பணு சிறியதாக இருக்கும், அதன் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி ரிப்போர்ட்டில் குறைவாக வரும், பார்த்தால் அப்படியே இரும்புக் குறைவு மாதிரி தோன்றும். ஆனால் ஃபெரிட்டின் சரியாகவே இருக்கும். அதைப் பார்க்காமல் ஊரில் வருடக்கணக்காக மாத்திரை விழுங்கியவர்கள் இருக்கிறார்கள். இங்கே வந்த பிறகும், குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டி ஒரே அசதியாக இருக்கிறது என்று பார்மசியில் நாமாகவே இரும்பு டானிக் வாங்கிவிடுகிறோம் (அந்த அசதிக்கு வைட்டமின் டி குறைவைப் பார்ப்பதும் அவசியம்). காலையில் சாப்பிடும் சீரியல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் இரும்பு சேர்த்திருப்பார்கள். அளவு பார்க்காமல் மாத்திரையைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன், டாக்டர் கொடுத்ததை நிறுத்தச் சொல்லவில்லை. நம் பெண்களுக்கு, முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கு, இரும்புக் குறைவுதான் இன்னும் பெரிய பிரச்சினை. ஊரில் எடுத்த பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள், பத்து வருடமாக எம்சிவி ஒரே மாதிரி குறைவாகவே இருக்கிறது என்பது ஜிபிக்கு நல்ல துப்பு.

ஒருவேளை பரம்பரை நோய்தான் என்று உறுதியானால் வைத்தியம் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமை. ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். அரை லிட்டர் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும். முதலில் வாரா வாரம், அளவு இறங்கியதும் வருடத்துக்கு சில தடவை. உறுப்புகள் கெடுவதற்கு முன்பே தொடங்கினால் மற்றவர்களைப் போலவே ஆயுள். வைட்டமின் சி மாத்திரையைத் தவிர்க்கச் சொல்வார்கள், மதுவைக் குறைக்கச் சொல்வார்கள், பச்சைச் சிப்பி கூடவே கூடாது, அதிலுள்ள ஒரு கிருமி இரும்பு அதிகமுள்ள உடம்பில் உயிருக்கே ஆபத்தாகும். முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை.

அப்புறம், இங்கேயே ஐரிஷ்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நம்மிடம் இப்போது நிறைய. துணைக்கு இந்த நோய் என்றால் பிள்ளைகளை உடனே ஊசி குத்த அழைத்துப் போகாதீர்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாற்றம் எப்படியும் வந்திருக்கும், நோய் வர உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று வர வேண்டும். ஆகவே முதலில் உங்களுக்கு எச்எஃப்இ பரிசோதனை செய்யலாமா என்று ஜிபியிடம் கேளுங்கள். உங்களுக்கு இல்லை என்று வந்தால் பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனையே தேவைப்படாது.