வில்லியனூர் பக்கம் குடி வந்தா டிரெயினை எப்படி யூஸ் பண்றது

பாண்டி பக்கத்துல இருக்குற வில்லியனூரை சுத்தி இப்ப எங்க பாத்தாலும் கொடி நட்டு கல்லு ஊனி லேஅவுட்தான், புரோக்கர் வாயத் தொறந்தாலே "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம் சார்". அது பைக்குக்கு சொல்ற கணக்கு. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒருநாள் ராத்திரி 8 மணிக்கு ஸ்டேஷன்லேர்ந்து மனை வரைக்கும் நடந்து பாருங்க, லைட்டு எரியுதா, நாய் தொரத்துதா, மழை பேஞ்சா செம்மண் ரோடு செருப்பை உருவுதான்னு அப்பதான் தெரியும். தண்டவாளத்தை குறுக்கால தாண்டுற ஷார்ட்கட்டை கணக்குலயே சேக்காதீங்க, ரயில்வே சட்டம் 147வது பிரிவுல 1000 ரூபா வரைக்கும் ஃபைன், 6 மாசம் வரை ஜெயிலுக்கும் இடம் இருக்கு.

அடுத்தது வண்டி. 1879லயே போட்ட லைன்தான், ஆனா விழுப்புரம் - பாண்டி 38 கிலோமீட்டரும் சிங்கிள் டிராக், தாம்பரம் - பீச் மாதிரி ஒண்ணு போனா இன்னொண்ணு வரும்னு நிக்க முடியாது. வண்டி நேரம் காட்டுற ரயில்வேயோட என்டிஇஎஸ் ஆப்ல வில்லியனூர்னு போட்டு, நிக்குற வண்டிய மட்டும் குறிச்சுக்கோங்க, எக்ஸ்பிரஸ் எல்லாம் நிக்கும்னு நம்பி கெளம்பாதீங்க. விழுப்புரத்துலேர்ந்து கடைசியா திரும்புற வண்டி எதுன்னு கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும், அத விட்டா வளவனூர், மதகடிப்பட்டு, கண்டமங்கலம் வழியா வர்ற பாண்டி பஸ்தான் கதி.

தெனம் விழுப்புரம் போறவங்க சீசன் டிக்கெட் எடுத்துடுங்க, அதுக்கு மேல யோசிக்கவே வேணாம். ஆனா சென்னைக்கு சீசன் கேட்டா கிடைக்காது, ஏன்னா சீசனுக்கு 150 கிலோமீட்டர்தான் லிமிட், விழுப்புரம் - எக்மோரே அதைத் தாண்டிடும். செங்கல்பட்டுல வேலைன்னா ஓகே, ஆனா தெனம் அவ்ளோ தூரம் ஒடம்பு தாங்குமான்னு நீங்களே பாத்துக்கோங்க.

ரிசர்வேஷன் இல்லாத டிக்கெட்டை மொபைல் ஆப்ல எடுக்குறதா இருந்தா வீட்ல கெளம்பும்போதே எடுத்துடுங்க, பிளாட்பாரத்துல நின்னுகிட்டு எடுக்க விடாது, அங்க ஒட்டியிருக்குற கியூஆரை ஸ்கேன் பண்ணாதான் உண்டு. ஸ்கிரீன்ஷாட் செல்லாது, டிடிஆர் வந்தா டிக்கெட் எடுத்த ஆப்லயேதான் காட்டணும், இல்லைன்னா டிக்கெட் காசோட குறைஞ்சது 250 ரூபா அபராதம்.

பாண்டி டவுனுக்குள்ள போறதுக்கு மட்டும் டிரெயினை நம்பாதீங்க, டெம்போவோ பஸ்ஸோ பிடிச்சுப் போயிட்டே இருங்க.