சுகாதாரப் பணியாளர் பயிற்சிக்குக் கூட்டாக அரசு நிதி கேட்கப் போகிறீர்களா? முதலில் ஆளை எண்ணுங்கள்

நாற்பது படுக்கை உள்ள மருத்துவமனை தனியாக ஒரு நர்சிங் பள்ளியை நடத்த முடியாது. பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு சிறிய மருத்துவமனையாலும் முடியாது. ஆனால் நான்கைந்து மருத்துவமனைகள், ஒரு கல்லூரி, இரண்டு மாவட்ட சுகாதார அலுவலகங்கள் சேர்ந்தால் முடியும், அதற்கென்றே அரசுகளிடம் நிதியும் இருக்கிறது. 2030-க்குள் உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் அதிகமான சுகாதாரப் பணியாளர்கள் பற்றாக்குறையாக இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. ஆனால் அந்தக் கோடிக் கணக்கை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்திலேயே கட்டடம், கணினி, பேருந்து என்று பட்டியல் போட்டால் நிதி கிடைக்காது. கிடைத்தாலும் மூன்று வருடம் கழித்துக் கட்டடம் மட்டும்தான் மிஞ்சும். பயிற்சி முடித்தவர் எந்த வார்டில், யார் கொடுக்கும் சம்பளத்தில் வேலை செய்யப் போகிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய பிறகு மற்றதை எழுதுங்கள்.

அதற்கு முதல் வேலை எண்ணுவது. "எங்களுக்கு ஆள் போதவில்லை" என்பது எல்லாரும் சொல்வதுதான், நிதி கொடுப்பவர் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார். எத்தனை பேர் போதவில்லை என்று சொல்ல உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய விஸ்ன் என்கிற கணக்கு முறை இருக்கிறது, கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும் பெருக்கல் வகுத்தல்தான். ஒரு மிட்வைஃப் வருடத்தில் 260 வேலை நாள் வரவேண்டியவர். விடுப்பு, பண்டிகை, உடல்நலக் குறைவு, பயிற்சி என்று 50 நாளைக் கழித்தால் 210 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 1,680 மணி நேரம். ஒரு கர்ப்பிணியைப் பரிசோதிக்க 20 நிமிடம் என்றால் ஒருவர் வருடத்துக்கு 5,040 பரிசோதனை செய்யலாம். உங்கள் பகுதியில் 10,080 பரிசோதனை நடக்கிறதா, அதற்கே இரண்டு பேர் வேண்டும். அப்புறம் பதிவேடு எழுதுவது, கூட்டம், மருந்து கணக்கு என்று அவர்கள் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்றால் இரண்டு பேர் என்பது 2.5 ஆகிவிடும். இருப்பது இரண்டு பேர், தேவை 2.5, விகிதம் 0.8. ஒன்றுக்குக் கீழே போகப் போக வேலைச் சுமை அதிகம் என்று அர்த்தம். ஒவ்வொரு கூட்டாளி மருத்துவமனைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் புரியும், சில இடங்களில் ஆள் போதும், பக்கத்து இடத்தில்தான் போதவில்லை. எங்கே பயிற்சி வேண்டும், எங்கே ஆளை மாற்றி அமர்த்தினால் போதும் என்பது அந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, நான் பார்த்த வரை எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான், போஸ்டிங், அதாவது மாணவர்களை வார்டுகளில் நேரடிப் பயிற்சிக்கு அமர்த்துவது. வகுப்பறையில் இன்னும் இருபது நாற்காலி போடுவது சுலபம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது நர்சிங் பயிற்சிக்குக் குறைந்தது மூன்று வருடம், 4,600 மணி நேரம் என்று சட்டம் சொல்கிறது, அதில் குறைந்தது பாதி நேரம் நோயாளிகளின் பக்கத்தில் இருக்க வேண்டும். அதாவது ஒரு மாணவருக்கு 2,300 மணி நேரம் வார்டில் இடம் வேண்டும், கூடவே கற்றுக்கொடுக்க ஒரு சீனியர் நர்ஸ் வேண்டும். அந்த சீனியர் நர்ஸ் ஏற்கெனவே ஒரு வார்டையே ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரிடம் எட்டு மாணவர்களை ஒப்படைத்தால் ஒருவர் ஊசி போட மற்ற ஏழு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், ஷிப்ட் முடிந்ததும் பதிவேட்டில் எட்டுப் பேருக்கும் கையெழுத்து விழும். இதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை, ஏனென்றால் அந்த ஏழு பேரும் நாளைக்குத் தனியாக ஒரு குழந்தைக்கு நரம்பு தேடப் போகிறவர்கள். அதனால் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது சீனியர் நர்சுகளின் நேரம். வாரத்தில் இத்தனை மணி நேரம் அவர் கற்றுக்கொடுப்பார், அந்த நேரத்தில் அவர் வேலையைப் பார்க்க மாற்று ஆளுக்கு இவ்வளவு சம்பளம் என்று தெளிவாகக் கேளுங்கள். போஸ்டிங்கைக் கூட்டாளி மருத்துவமனைகளுக்குள் ஒரே அட்டவணையாகப் போட்டால், பிரசவம் அதிகம் நடக்கும் இடத்தில் எல்லா மாணவர்களுக்கும் முறை வரும்.

கூட்டாளிகளுக்குள் ஒப்பந்தத்தை விண்ணப்பத்துக்கு முன்னால் போடுங்கள். நிதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பணம் வந்த அன்றைக்கே மனக்கசப்பும் வரும். யார் முதன்மை நிறுவனம், யார் கணக்கில் பணம் வரும், ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும், இது மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். எல்லை தாண்டிய கூட்டு என்றால் படிப்பும், நர்சாக வேலை செய்வதற்கான பதிவும் அந்தப் பக்கம் செல்லுமா என்று முதலிலேயே விசாரியுங்கள். தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் கூட்டமைப்பு நாடுகள் 2006-இல் நர்சிங்குக்குப் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் செய்துகொண்டன, ஆனாலும் போகிற நாட்டில் பதிவும் உரிமமும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் செர்தான்யா மருத்துவமனை 2014-இல் திறக்கப்பட்டது, இரண்டு நாட்டு நோயாளிகளும் வருகிறார்கள், கட்டுமானத்துக்கு ஐரோப்பிய நிதி பெருமளவு கிடைத்தது. அப்படி ஒன்றை யோசிக்கிறவர்கள் கட்டட வரைபடத்தோடு சேர்த்தே பணியாளர் பதிவுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள்.

பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் கேளுங்கள். பல அரசு நிதிகள், எல்லை தாண்டிய கூட்டுத் திட்டங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் இன்டர்ரெக் நிதி உட்பட, செலவு செய்து கணக்குக் காட்டிய பிறகுதான் திருப்பித் தரும். ஆறு மாதச் சம்பளத்தை முன்னால் போட முடியாத சிறிய அமைப்பு இந்த இடத்தில்தான் திணறும், அதனால் முன்பணம் உண்டா, இல்லையென்றால் பெரிய கூட்டாளி முன்னால் போடுவாரா என்று பேசி முடித்துவிடுங்கள். நேரப் பதிவேடு, ரசீது, வருகைப் பதிவு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே வையுங்கள். தணிக்கை வரும்போது எழுதி நிரப்பிய பதிவேட்டை அவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி ஆள் தங்குவது. கிராமப்புறத்திலிருந்தே மாணவர்களைத் தேர்ந்தெடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இலும் 2021-இலும் பரிந்துரைத்திருக்கிறது, அங்கே வளர்ந்தவர் அங்கேயே திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி இல்லாத வயோமிங் மாநிலம், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கூட்டுத் திட்டத்தில் தன் மாணவர்களுக்கு இடம் வாங்குகிறது. படித்து முடித்து மாநிலத்தில் மூன்று வருடம் பணி செய்தால் அந்தச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டாம். இத்தனை வருடம் வேலை செய்கிறேன் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது மட்டும் போதாது, குடியிருக்க வீடு, இரவு டியூட்டிக்குப் பாதுகாப்பு, மேற்படிப்புக்கு வழி இதெல்லாம் இல்லாத இடத்தில் பத்திரம் முடிந்த மறுநாளே பெட்டி கட்டிவிடுவார்கள், அவர்கள்மீது எனக்கு வருத்தமே இல்லை. ஒரு கூட்டாளி இன்னொருவரின் ஆளை இழுத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். பற்றாக்குறை கடுமையாக உள்ள வளரும் நாடுகளிலிருந்து வலிந்து ஆள் எடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு நடத்தை நெறி சொல்கிறது, கட்டாயம் இல்லை என்றாலும் பக்கத்து மருத்துவமனைகளுக்குள் அதே நியாயம்தான்.

இலக்கு எழுதும்போது "200 பேருக்குப் பயிற்சி" என்று நிறுத்தாதீர்கள். பயிற்சி முடிந்து பன்னிரண்டு மாதம் கழித்து இந்தப் பகுதியில் வேலையில் இருப்பவர் எத்தனை என்று எழுதுங்கள், எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. நிதி முடிந்த மறுமாதத்திலிருந்து சம்பளம் தரப்போகும் துறையிடமிருந்து அதை உறுதி செய்யும் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். அந்தக் கடிதத்துக்குக் கையெழுத்து கிடைக்கத்தான் அதிக நாள் ஆகும், மேசை மேசையாகப் போகும், அதனால் விண்ணப்பத்தில் முதல் வரி எழுதும் அன்றே அதையும் அனுப்பிவிடுங்கள்.