புது மெஷின் இறங்குவதற்கு முன்னால்: இலை ஃபேக்டரியில் ஆட்களைப் பழக்குவது எப்படி

கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குகிற ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் எடை மேடைக்கு ஒரு டேப்லெட், இலையை வாட்டுகிற விதரிங் ஹாலுக்கு ஈரப்பதம் காட்டும் மீட்டர், அப்புறம் இலையைப் படம் பிடித்தால் அதில் நல்ல கொழுந்து எத்தனை சதவீதம் என்று சொல்கிற ஏஐ செயலி, மூன்றும் ஒரே மாதத்தில் வந்து இறங்கின. ஆட்களைப் பழக்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரவழைத்து, டீயும் வடையும் கொடுத்து, நான்கு மணி நேரம் பேசி, "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது" என்றார்கள். பத்தாவது நாளில் பாதிப் பேர் பழைய நோட்டுக்கே திரும்பியிருந்தார்கள், மீதிப் பேர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றியெல்லாம் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். நிறைய இருக்கிறது, நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அதில் எங்கள் ஃபேக்டரியில் செய்து பார்த்து வேலைக்கு ஆனதை மட்டும் இங்கே எழுதுகிறேன். குன்னூரில் பேக்கரி வைத்திருப்பவருக்கும் ஊட்டியில் ஹோட்டல் ரிசப்ஷன் பார்ப்பவருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் ஒரு ஷிப்ட் முழுக்க சும்மா நில்லுங்கள்

மெஷின் வரப்போகிறது என்று தெரிந்ததும் அதன் கையேட்டைப் பிரிக்காதீர்கள். அந்த வேலை நடக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள். நான் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்றால், சாயங்காலம் இலை வண்டி வந்ததும் எடை பார்க்கிற அக்கா (எல்லோருக்கும் அவர் எடை அக்காதான்) தராசில் ஏறிய சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கிளறுவார். அடியில் தண்ணீர் நிற்கிறதா, இலை சூடேறிவிட்டதா என்று பார்ப்பார். அப்புறம் கையை வெளியே எடுத்து, சேலை முந்தானையில் ஒரு துடை, நோட்டில் எழுத்து. மழை நாளில் அந்தக் கை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். டேப்லெட் திரை ஈர விரலை மதிப்பதில்லை, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுகிறது, பின்னால் நாற்பது சாக்கு வரிசையில் நிற்கிறது. அக்காவுக்கு டேப்லெட் வரவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம், உண்மையில் டேப்லெட்டுக்குத்தான் எங்கள் மழை ஒத்துவரவில்லை. கடைசியில் சின்ன விசைப்பலகை ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் உறை மாட்டிக் கொடுத்ததும் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது.

நிற்கும்போது யார் யாரோடு பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்று இரண்டு பேர் 1951-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாம்ஃபோர்த் அதற்கு முன்னால் சுரங்கத்திலேயே வேலை பார்த்தவர், அதனால்தானோ என்னவோ அது மேஜையில் உட்கார்ந்து எழுதியது போல இருக்காது. முன்பு சின்னச் சின்னக் குழுவாக, தங்களுக்குப் பிடித்தவர்களைத் தாங்களே சேர்த்துக்கொண்டு, வெட்டுவதிலிருந்து ஏற்றுவது வரை எல்லாம் சேர்ந்து செய்தார்கள். புது இயந்திரம் வந்ததும் வேலையைத் துண்டு போட்டு ஷிப்டுக்கு ஒரு துண்டாகப் பிரித்தார்கள். முந்தைய ஷிப்ட் விட்டுப்போன குறைக்கு அடுத்த ஷிப்ட் திட்டு வாங்கியது, ஆட்கள் வேலைக்கு வராமல் இருப்பது அதிகமானது, எதிர்பார்த்த உற்பத்தியும் வரவில்லை. எங்கள் விதரிங் ஹாலிலும் இதேதான் நடக்க இருந்தது. மீட்டர் வந்துவிட்டதே, இனி ராத்திரி ஒரு ஆள் போதும் என்று பேச்சு வந்தது. விடியும் வரைக்கும் ஜனவரிக் குளிரில் ஃபேன் சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆள் தனியாக! வேண்டாம் என்று சண்டை போட்டு இரண்டு பேரை வைத்திருக்கிறோம்.

நான்கு மணி நேரப் பயிற்சியை நறுக்குங்கள்

மறதியைப் பற்றி ஜெர்மனிக்காரர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். தன்னையே சோதனை எலியாக வைத்து, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள் விட்டு நாள் பிரித்துப் படித்தால் நிற்கிறது என்பதும் அப்போதே தெரிந்த சங்கதி. ஆனாலும் நாம் ஞாயிற்றுக்கிழமை வடையோடு நான்கு மணி நேரம் நடத்துவோம்.

இப்போது நான் செய்வது இதுதான். ஷிப்ட் ஆரம்பத்தில் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம். இன்றைக்கு எடையைப் பதிவது, நாளைக்கு அதே கேள்வி, மூன்று நாள் கழித்து அதே கேள்வி, ஒரு வாரம் கழித்து மறுபடி. நான் சொல்லிக் காட்ட மாட்டேன், அவர்கள்தான் செய்து காட்ட வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு கூட்டத்தை அதையே திரும்பப் படிக்கச் சொன்னார்கள், இன்னொரு கூட்டத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் கொஞ்சம் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் என்னை ஏமாற்றியது. வடை சாப்பிட்டு முடித்த சூட்டில் கேட்டால் எல்லோருக்கும் புரிந்துதான் இருக்கும்.

பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கொடுத்தும் விடுங்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து கண் எரிகிற ஆளைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள். விரலால் ஒரு வரிசையில் தட்டப் பழக்கிப் பார்த்த ஒரு சோதனையில் (2002, மேத்யூ வாக்கர் குழு) ஒரு ராத்திரி தூங்கி எழுந்தவர்கள் இடையில் பயிற்சி எதுவும் இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். கற்றது கையில் உட்காருவதற்குத் தூக்கம் வேண்டும். ஹெத்தையம்மன் திருவிழா வாரத்திலும், மழைக்குப் பிறகு இலை கொட்டுகிற நாள்களிலும் புதிதாக எதையும் தொடங்காதீர்கள், இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

கை முதலில், மீட்டர் பிறகு

இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ட்ரஃப் என்கிற நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட்டி, அப்புறம்தான் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. ரோலருக்கு விட வேண்டும். வாடியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? எங்கள் விதரிங் அண்ணன் ஒரு கைப்பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடித்து விரலைத் திறப்பார். இலை உருண்டையாக அப்படியே உட்கார்ந்திருந்தால் ஆயிற்று, பொலபொலவென்று விரிந்துகொண்டால் இன்னும் நேரம் வேண்டும். காம்பை வளைத்துப் பார்ப்பார், முறிந்து சத்தம் வந்தால் பச்சை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், சரியாகவும் இருக்கும். மீட்டர் வந்து ஆறு மாதத்தில் அவரே "மீட்டர் என்ன சொல்லுது பாரு தம்பி" என்று கேட்க ஆரம்பித்தார். புதிதாகச் சேர்ந்த பையன்கள் இலையைக் கையில் பிடிப்பதே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி மீட்டர் செத்துப்போனது, ஒருவருக்கும் தைரியமாகச் சொல்ல வரவில்லை, அந்த ட்ரஃப் இலை அரைவாட்டலிலேயே ரோலருக்குப் போனது.

இது எங்கள் ஊர் வியாதி மட்டும் இல்லை. போலந்தில் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்கிற, அனுபவமுள்ள மருத்துவர்களுக்கு ஏஐ துணை வந்தது. அது வந்த பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் புற்றுக்கு முந்தைய கட்டிகளைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியது என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. துருக்கியில் சுமார் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்குப் பாடத்தில் ஏஐ கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக் கணக்கில் 48 சதவீதம் முன்னேற்றம், ஆனால் அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தால் ஏஐயைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவு. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி அமைத்த ஏஐயில் அந்தச் சேதாரம் பெரும்பாலும் இல்லை. உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-லேயே சொன்ன விஷயம்தான் இது: இயந்திரம் எளிய வேலையை எடுத்துக்கொண்டு கஷ்டமானதை மனிதனுக்கு விட்டுவிடுகிறது, கூடவே அந்தக் கஷ்டமானதைச் செய்யத் தேவையான பழக்கத்தையும் எடுத்துப் போய்விடுகிறது.

அதனால் ட்ரஃப் பக்கத்துத் தூணில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், சணலில் ஒரு பென்சில். மீட்டரை வைப்பதற்கு முன்னால் இலையைப் பிடித்துப் பார்த்து ஈரப்பதம் எத்தனை என்று உங்கள் கணிப்பை எழுத வேண்டும், அப்புறம் மீட்டர் எண்ணைப் பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகாது. முதல் வாரம் சிரித்தார்கள், இரண்டாவது வாரம் யார் கிட்டே வந்தது என்று ஒரு டீக்குப் பந்தயம் கட்டினார்கள். இலைச் செயலிக்கும் இதே முறை: படமெடுக்கும் முன் எடை அக்கா தன் சதவீதத்தைச் சொல்லிவிட வேண்டும். ரொம்ப விலகியிருந்தால் சாக்கை மறுபடி கிளறிப் பார்க்கிறோம். பல தடவை அக்கா சொன்னதுதான் சரி, மேலே நல்ல கொழுந்து, அடியில் முற்றல்! படத்துக்கு மேல்பக்கம்தானே தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சுமார் ஐயாயிரம் வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை வைத்துப் பொருளாதார அறிஞர் பிரைன்யால்ஃப்சன் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஏஐ துணையால் வேலை வேகம் சராசரியாக 14 சதவீதம் கூடியது, புதியவர்களுக்கு 34. பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே புதுப் பையன்களிடமிருந்து செயலியைப் பிடுங்காதீர்கள், அதிக லாபம் அவர்களுக்குத்தான். கற்றுக்கொள்ளாமலே போகிற ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம், அதனால் அட்டை விஷயத்தில் அவர்களிடம் மட்டும் கறாராக இருக்கிறேன். அண்ணன் ஒரு நாள் எழுத மறந்தால் விட்டுவிடுவேன்.

தப்பு செய்தவரை அங்கேயே திட்டாதீர்கள்

முதல் மாதம் ஒரு விவசாயியின் 48 கிலோ டேப்லெட்டில் 84 என்று ஏறிவிட்டது. மேலதிகாரி ஒருவர் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். நானும் வாய் மூடிக்கொண்டு நின்றேன், அது என் தப்பு. அடுத்த இரண்டு வாரம் என்ன ஆனது தெரியுமா, எல்லோரும் ரகசியமாக ஒரு நோட்டு வைத்து முதலில் அதில் எழுதி, அப்புறம் டேப்லெட்டில் ஏற்றி, இரட்டை வேலை பார்த்தார்கள். ஒரு தப்புகூட என் காதுக்கு வரவில்லை. நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்!

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை எண்ணப் போய் இதே குழப்பத்தில் மாட்டினார். நல்ல குழு என்று தெரிந்த இடங்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. கடைசியில் பார்த்தால், அங்கே தைரியமாக வெளியே சொல்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் போர்டில் இப்போது "இன்னைக்கு மெஷின் எங்கே காலை வாரியது" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் எழுதக் கூடாது. முதல் பதிவை நானே போட்டேன், வேண்டுமென்றே, அதுவும் கொஞ்சம் கேவலமான தப்பாகப் பார்த்து. நீங்களும் அப்படியே ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும்.

முடிவு யார் கையில்?

வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் காராசெக் 1979-ல் சொன்னது: வேலைச்சுமை அதிகம், ஆனால் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கிற உரிமை குறைவு, இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் மனசு நொறுங்குகிறது. சுமை அதிகமாக இருந்தாலும் பிடி நம் கையில் இருந்தால் ஆள் தாங்குவான், கற்றுக்கொள்ளவும் செய்வான். இலை வரத்தைக் குறைக்க என்னால் முடியாது. ஆனால் செயலி சொல்வதை ஒதுக்கிவிட்டுத் தன் தீர்ப்பை எழுதுகிற உரிமையை எடை அக்காவுக்கு வாங்கிக் கொடுக்க முடிந்தது. ஒதுக்கினால் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும், "அடியில் ஈரம்" என்றால்கூடப் போதும். ஷிப்ட் முடிந்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் மெஷின் பற்றி யாரும் எதுவும் போடக் கூடாது என்பதையும் அப்போதே முடிவு செய்தோம். ராத்திரி பத்து மணிக்கு முதலில் போட்டு மாட்டியவன் நான்தான்.

ஒரு மாதம் ஆனதும் இலை குறைவாக வருகிற ஒரு நாளைப் பார்த்து, ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் அணைக்க வேண்டும், திடீர் சோதனை மாதிரி செய்யாதீர்கள். கையால் எடை எழுதட்டும், கையால் வாட்டம் பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அதுதான் அடுத்த வாரத்துப் பதினைந்து நிமிடப் பாடம். எங்களுக்கு முதல் தடவை தடுமாறிய இடம் தராசு. பழைய எடைக்கற்களை யாரோ ஜன்னல் காற்றில் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள், தேடி எடுக்கவே இருபது நிமிடம் ஆனது.